பாதிச் சவரம்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிற ஆள் நான். நெய்வேலி சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்? ஆனாலும் இது நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

என் மாமனார் எங்களோடு குவார்ட்டர்ஸில் இருக்கிறார். அவருடைய ஊர் காலியாகி, சுரங்கத்துக்குள் போய் வெகுகாலம் ஆகிறது. இப்போது ஞாபகமும் போய்க்கொண்டிருக்கிறது. கை நடுங்குவதால் அவரிடம் ரேசர் கொடுப்பதில்லை, வேறு யாரையும் முகத்தில் கைவைக்க விடவும் மாட்டார். அன்றைக்கு முகமெல்லாம் ஒரு வாரத் தாடி.

மதியம் சாப்பிட்டவர் செருப்புகூடப் போடாமல் வெளியே போய்விட்டார். என் மனைவி அழுதுகொண்டே போன் செய்தாள். ஷிப்டைப் பாதியில் விட்டுவிட்டு பஸ் ஸ்டாண்ட், மார்க்கெட், குள்ளஞ்சாவடி போகிற பஸ் என்று எல்லாம் தேடி, சுரங்கப் பக்கம் இறங்கியிருந்தால் என்ன ஆவது என்று அந்தப் பக்கம் ஓடும்போது, ஆடு மேய்க்கிற அம்மா ஒருவர் மண்மேட்டுக் காட்டைக் கை காட்டினார். சுரங்கம் தோண்டிய மண்ணை மலைபோல் கொட்டி, மேலே மரம் நட்டு வளர்த்த காடு அது. மாமனாரின் ஊர் மண்ணும் அதில்தான் எங்கேயோ கிடக்கிறது.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. "மாமா, மாமா" என்று கத்திக்கொண்டே ஏறினேன். ஒரு புங்கமரத்தடியில் குத்துக்காலிட்டு, மோவாயைத் தூக்கி, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். வலது கன்னம் மழமழவென்று இருந்தது. இடது கன்னத்தில் அந்தத் தாடி அப்படியே. காதோரம் சோப்பு நுரை இன்னும் காயவில்லை.

யார் செய்தது என்று கேட்டேன்.

"நம்ம கோவிந்தன்தான். அதுக்குள்ள நீங்க கூப்ட்டுட்டீங்க மாப்ள. பாதில நிக்குது பாருங்க."

கோவிந்தன் அவர் ஊரில் சவரம் செய்தவர். ஊர் காலியாவதற்கு முன்பே இறந்துபோனவர். சட்டைப்பை, மரத்தடி, புதர் எல்லாம் துழாவிப் பார்த்தேன். பிளேடும் இல்லை, கிண்ணமும் இல்லை, சுற்றுவட்டத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரும் இல்லை.

யாரோ இரக்கப்பட்டுச் செய்திருப்பார்கள், என் சத்தம் கேட்டுப் போயிருப்பார்கள் என்று வீட்டில் சொல்லிவைத்தேன். நானும் அதையே நம்பப் பார்த்தேன். ஆனால் அந்த வலது கன்னத்தில் இன்றுவரை ஒரு முடி முளைக்கவில்லை. டாக்டர் ஏதோ களிம்பு எழுதிக் கொடுத்தார், ஒன்றும் நடக்கவில்லை.

இப்போதெல்லாம் வாசல் கேட்டைப் பூட்டித்தான் வைக்கிறோம். இடது பக்கத்தையாவது வழித்துவிடலாம் என்று கிட்டே போனால் என் கையைத் தட்டிவிடுகிறார்.

"வுடுங்க மாப்ள. மீதிய அவனே செய்யட்டும். கேட்டாண்டதான காத்துக்கினு இருக்கான்."