சுண்ணாம்புக் கோடும் வராத மந்திரியும்

1. காலை நேரத்து போன்

ராஜபாளையத்தில் என் வீட்டு அடுக்களையில் நின்று, சர்க்கரை இல்லாத டீயைச் சர்க்கரை போட்ட டீ என்று நினைத்துக்கொண்டு குடித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து எங்கள் மேஸ்திரி மாடசாமி.

"சார், எந்த மந்திரி சார் வாராரு?"

"ஒரு மந்திரியும் வரலையேப்பா."

"அப்ப தெரு ஏன் சார் இப்படிக் கெடக்கு? ஓரத்துல ஒரு பைக் இல்ல. கடைக்காரங்க போர்டெல்லாம் உள்ள எடுத்துட்டாங்க. போலீஸ்காரர் ஒருத்தர் வேற வந்து நிக்காரு."

எனக்குப் புரிந்துவிட்டது. அன்று விடியற்காலையில் அந்தத் தெருவின் இரண்டு ஓரத்திலும் வேறு ஆட்களை விட்டுச் சுண்ணாம்புத் தூளால் கோடு போடச் சொன்னவன் நான்தான். நடைபாதை எதுவரை வரும் என்று சனங்களுக்குக் காட்டுவதற்காகப் போட்ட கோடு. ஆனால் நம் பக்கத்தில் ரோட்டோரம் வெள்ளைக் கோடு விழுந்தால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். நகராட்சியில் எஞ்சினியராக மயிர் நரைத்த எனக்கு அது தோன்றவில்லை. தெருவுக்குத் தோன்றிவிட்டது.

கிளம்பிய வேகத்தில் ஒரு காலில் என் செருப்பு, மற்றக் காலில் என் மகன் செருப்பு. பாதி வழியில் மறுபடியும் போன். இந்த முறை மந்திரி இரண்டு பேர் ஆகியிருந்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லையைத் தொட்டபோது அவர்கள் பால்கோவா சாப்பிட்டுவிட்டுத்தான் போவார்கள் என்பதும் முடிவாகியிருந்தது.

2. படத்தில் நாயோடு வந்த அம்மா

விஷயம் இதுதான். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகிற தெரு அது. பெயரைச் சொன்னால் அங்கே இனி நிம்மதியாக டீ குடிக்க முடியாது, அதனால் வேண்டாம். அந்தத் தெருவில் நடக்கிறவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் இடம் ஒதுக்க வேண்டும் என்று ஒரு திட்டம் வந்தது. எங்கள் கமிஷனர் மேடம் வயதில் என்னைவிட ரொம்பச் சின்னவர். மீட்டிங்கில் அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"சுகர், பிரஷர்னு வர்றவங்க எல்லாருக்கும் டாக்டர் 'நடங்க'ன்னு எழுதிக் குடுத்துடறார். எங்க நடக்கறதுன்னு யாரும் எழுதறதில்ல. அதை எழுத வேண்டியது நாமதான் சார்."

கன்சல்டன்ட் கொடுத்த படத்தை எடுத்துக்கொண்டு கடைக்காரர்களைப் பார்க்கப் போனேன். அழகான படம். நிழல் மரம், அகலமான நடைபாதை, அதில் ஒரு வெள்ளைக்கார அம்மா நாயைப் பிடித்துக்கொண்டு வருகிறார். பிளாஸ்டிக் சாமான் கடை செய்யது அண்ணன்தான் அந்தத் தெருவின் குரல். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படத்தைப் பார்த்தார்.

"இந்தம்மா யாரு? நம்ம ஊரு மாதிரித் தெரியலையே."

"அது சும்மா படம்ணே."

"நாய்க்கு எடம் வச்சிருக்கிய. என் கடைக்கு வாரவன் வண்டிய எங்க நிறுத்துவான்? ஒம்ம தலையிலயா?"

கடைக்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பயம் வந்தால் எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வரும்.

மேடத்திடம் போய்ச் சொன்னேன். "ஒரே ஒரு நாள் கோடு போட்டுப் பார்ப்போம். சண்டை வந்தா ஃபைலை மூடிருவோம்" என்றார்.

மறுநாள் டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தபோது, செய்யது அண்ணன் கடை மாடியிலிருந்து அவர் மனைவி பாத்திமா மதினி கூப்பிட்டார்கள். அதற்கு முந்தின வருஷம் அவர்களுக்குப் பக்கவாதம் வந்து வலது கால் இழுத்துக்கொண்டிருந்தது. தினமும் நடந்தால் கால் திரும்பும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தெருவில் இறங்கிய முதல் நாளே ஒரு பைக்கின் ஹேண்டில்பார் இடித்து விழுந்தார்கள். அதிலிருந்து கூடத்துக்குள்ளேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நடை. அளப்பது நடைபாதைக்குக் கோடு போட என்றேன்.

"தம்பி, அந்தக் கோட்டுக்கு உள்பக்கம் வண்டி வராதா?"

"வராது மதினி."

"நெசமாவா?"

"நெசமாத்தான் மதினி."

சொல்லிவிட்டேன். டேப்பைச் சுருட்டும்போதுதான் யோசித்தேன். எந்த அதிகாரத்தில் சொன்னேன்? ஒரு நாள் சோதனை. அதிலும் சண்டை வந்தால் ஃபைல் மூடல். சண்டை போடப்போகிறவரோ அந்த அம்மாவின் புருஷன்.

3. மந்திரிக்காகக் காத்திருந்த தெரு

தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் அந்தத் தெருவின் இரண்டு ஓரத்தையும் நான் பார்த்ததே இல்லை. இருக்கிறது என்று டிராயிங்கில் மட்டும்தான் தெரியும். கடைக்காரர்கள் பளிச்சென்று சட்டை போட்டு வாசலில் நின்றார்கள். சண்டை இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு இரண்டு பேராகச் சைக்கிளில் பேசிக்கொண்டே போனார்கள். பின்னால் ஹாரன் அடிக்க ஆள் இல்லாததால் ஒரு பிள்ளை கைகளை விட்டுவிட்டுக்கூட ஓட்டியது.

செய்யது அண்ணன் வாளிகளையும் குடங்களையும் உள்ளே அடுக்கிவிட்டு வியர்த்து நின்றார். "எஞ்சினியரே, எத்தன மணிக்கு வாராரு?"

உண்மையைச் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். அப்போது அவருக்குப் பின்னால் மாடிப்படியில் ஒரு கைத்தடி தெரிந்தது. அப்புறம் ஒரு கால். வெகுநேரம் கழித்து இன்னொரு கால்.

திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

"நீ எங்க வார?" என்றார் அண்ணன்.

"மந்திரி வரதுக்குள்ள செத்த நேரம் நடந்துட்டு வாரேன்."

"விழுந்து தொலைக்கவா?"

"எதுல இடிச்சு விழ? அதான் எல்லாத்தையும் நீங்களே எடுத்துட்டியளே."

மதினி கோட்டுக்கு உள்பக்கம் நடக்க ஆரம்பித்தார்கள். கைத்தடி ஒன்று, இடது கால், இழுத்துக்கொண்டு வலது கால். அண்ணன் என்னைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். கடையிலிருந்து ஒரு சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு நாலடி பின்னால் போனார்.

"ஸ்டூல் யாருக்கு பாய்?" என்று மருந்துக்கடைக்காரர் கேட்டார்.

"மந்திரிக்குய்யா. நின்னுக்கிட்டேவா இருப்பாரு?"

மருந்துக்கடை தாண்டியதும் மதினிக்கு மூச்சு வாங்கியது. திரும்பிக்கூடப் பார்க்காமல் உட்கார்ந்தார்கள். உட்காரும் இடத்தில் ஸ்டூல் இருந்தது. எழுந்து நடந்தார்கள். அண்ணன் ஸ்டூலை எடுத்துக்கொண்டார். அப்புறம் டெய்லர் கடை முன்னால் ஒரு தடவை. ஆஸ்பத்திரி கேட் பக்கம் ஒரு தடவை. அங்கே மதினி கேட்டைக் கையால் தொட்டார்கள். ஓடிப்பிடித்து விளையாடும் பிள்ளைகள் தூணைத் தொடுகிற மாதிரி.

அந்த நேரத்தில் மேடம் ஜீப்பிலிருந்து இறங்கினார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. நான் ஹெல்மெட்டைக் கழற்றாமலே விறைப்பாக வணக்கம் வைத்தேன்.

"எனக்கே தெரியாம எந்த மினிஸ்டர் சார் வர்றார்?"

"யாரும் வரல மேடம். அது நம்ம கோடு. இவங்களா நினைச்சுக்கிட்டாங்க. நான்... இன்னும் சொல்லல மேடம்."

கேட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த செய்யது அண்ணன் காதில் அது விழுந்துவிட்டது. ஸ்டூலைக் கீழே வைத்தார். தலையிலிருந்து கால்வரை என்னைப் பார்த்தவர், பொருந்தாத என் செருப்புகளில் செத்த நேரம் கண்ணை நிறுத்தினார். முடிந்தது ஃபைல் என்று நினைத்தேன். டிரான்ஸ்பர் எந்த ஊருக்கு என்பதுவரை மனது போய்விட்டது.

"அப்ப மந்திரி வரல?"

"வரலண்ணே."

பின்னால் மதினி வந்துகொண்டிருந்தார்கள். முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, தெருவில் நிற்கிற எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தார்கள்.

அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கும் வாராருன்னு சொல்லிருங்க."

மேடம் புருவத்தை உயர்த்தினார். "பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்மா. கோட்ட மட்டும் போடுங்க. மிச்சத்தத் தெரு சொல்லிக்கிடும்."

4. அதற்குப் பிறகு

எல்லாம் அதோடு சுபம் என்று நினைக்க வேண்டாம். இரண்டாம் நாளே விஷயம் வெளியாகிவிட்டது, பைக்குகள் திரும்பி வந்தன. ஆனாலும் மேடம் ஃபைலை மூடவில்லை, நடைபாதை வேலை தொடங்கியது. பேக்கரிக்காரர் ஒருவர் நடைபாதை வேலை முடிகிறவரை என்னோடு பேசவில்லை. ஆனால் வண்டி நிறுத்தப் பின்சந்தில் இடம் பேசிக் கொடுத்தது செய்யது அண்ணன். கேட்டவர்களிடம் "என் கடைக்கு வாரவனுக்கும் காலு இருக்குல்லா?" என்றார்.

இளைய எஞ்சினியர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் உண்டு. கான்கிரீட் போடுவதற்கு முன்னால் சுண்ணாம்பு போடுங்கள். போட்டுவிட்டு ஓரமாக நின்று, யார் எங்கே மூச்சு வாங்குகிறார்கள் என்று பாருங்கள். என் டிராயிங்கில் பெஞ்சே கிடையாது. அண்ணன் ஸ்டூல் வைத்த மூன்று இடத்திலும் இப்போது கல்பெஞ்சு இருக்கிறது. ஏறுகிற இடங்களில் படி வேண்டாம், சரிவு போதும் என்பதும் அந்த வலது காலைப் பார்த்து மாற்றியதுதான்.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் மதினி இறங்குவார்கள். கைத்தடி போய்விட்டது, கால் கொஞ்சம்தான் இழுக்கிறது. போன வாரம் அவர்கள் இறங்குகிற நேரத்தில் அந்தப் பக்கம் போனபோது, யாரோ ஒருவன் நடைபாதைமேல் பைக்கை ஏற்றி நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தான். டெய்லர் கடைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏலே, வண்டிய எடுலே. மந்திரி வாராக!"

அவன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினான்.