ஆஸ்பத்திரி என்று சொல்லிப் போன கச்சேரி

எங்கள் வீட்டில் நான் வெளியூர் போக இரண்டு காரணங்கள் செல்லுபடியாகும். ஒன்று ஆஸ்பத்திரி, மற்றது கோயில். பதினாறு வருடங்களுக்கு முன்னால், தொழிற்சாலை வேலைக்குப் போகும் வழியில் ஒரு லாரி என் மோட்டார் சைக்கிளைத் தட்டிவிட்டுப் போனது. அன்றிலிருந்து என் இடது கால் தன் இஷ்டத்துக்குத்தான் நடக்கும். முழங்கையில் மாட்டிக்கொள்ளும் ஊன்றுகோல் ஒன்றின் தயவில் வீட்டுக்குள்ளும் வேலையிடத்திலும் நடமாடிவிடுவேன். ஈப்போவில் ஒரு பல் கிளினிக்கின் முன்மேசையில் உட்கார்ந்து பெயர் பதிவதுதான் என் வேலை. உட்கார்ந்தே செய்கிற வேலை என்பதால் அண்ணனுக்கு அதில் ஆட்சேபம் இல்லை. சினிமா, கல்யாண விருந்து என்று வேறு எதைச் சொன்னாலும், "அந்தக் கால வெச்சுக்கிட்டு அங்க போய் என்னா செய்யப் போற?" என்பார். ஆஸ்பத்திரிக்கு மட்டும் அதே காலை வைத்துக்கொண்டு தாராளமாகப் போகலாம்.

இப்படிப்பட்ட வீட்டில் நாற்பத்து நான்கு வயதுப் பெண் ஒருத்தி, ஆறு கொரியப் பையன்கள் ஆடிப் பாடுவதைப் பார்க்கக் கோலாலம்பூருக்குப் போகிறேன் என்று எப்படிச் சொல்வது? நாடே வீட்டுக்குள் அடைந்து கிடந்த காலத்தில் கைப்பேசியில் தற்செயலாக அவர்களைப் பார்த்தேன். ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் என் காலைப் பற்றி எதுவும் கேட்காதவர்கள் ஆறு பேர் ஒரே இடத்தில் கிடைத்தது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அவர்களை ஒருமுறையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். கால் குணமாவதற்காக இல்லாமல், சும்மா சந்தோஷத்துக்காக ஒரு இடத்துக்குப் போய் வர வேண்டும் என்பதும் அதில் அடக்கம்.

மற்றவர்கள் கணினியில் இரண்டு நிமிடம் தட்டி டிக்கெட் வாங்கிவிடுகிறார்கள். என் மாதிரி ஆட்களுக்கு அந்த அவசரம் கிடையாது. ஓகேயு கார்டு என்று இங்கே சொல்லும் மாற்றுத்திறனாளி அட்டையின் முன்பக்கம், பின்பக்கம், அட்டையோடு நான், ஊன்றுகோலோடு நான் என்று வரிசையாகப் படம் எடுத்து அனுப்பினேன். 'உங்கள் குறைபாடு நிரந்தரமானதா?' என்று பதில் வந்தது. கச்சேரிக்குள் சரியாகிவிட வாய்ப்பில்லை என்று எழுதினேன். கடைசியில் சக்கர நாற்காலி மேடையில் எனக்கு ஓர் இடமும், பக்கத்தில் துணைக்கு வருகிறவருக்கு ஓர் இருக்கையும் தந்தார்கள். துணைக்குக் கிளினிக்கில் உதவியாளராக இருக்கும் சீனத் தோழியைப் பிடித்தேன். அவளும் அந்தப் பையன்கள் மேல் பைத்தியம், அதோடு கார் வைத்திருக்கிறாள்.

வீட்டில், பெரிய டாக்டர் ஒருவர் கால் பார்க்கக் கோலாலம்பூரில் தேதி கொடுத்திருக்கிறார் என்றேன். அண்ணன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அண்ணிதான், "நானும் வாரேன், உன்ன யாரு பாத்துக்குவா?" என்றார். விபத்துக்குப் பிறகு என்னைக் குளிப்பாட்டியதிலிருந்து ஆஸ்பத்திரி வராந்தாக்களில் தூங்கியது வரை எல்லாம் அவர்தான். "வேணாம் அண்ணி, சுசாலா, உங்களுக்குத்தான் கஷ்டம். வேலையிடத்துப் பொண்ணு கூட வருது" என்று சமாளித்தேன். நீண்ட தூரத்துக்கு வேண்டுமே என்று பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவ அக்காவிடம் சக்கர நாற்காலியை இரவல் கேட்டேன். அவர் அதன் மேல் கையை வைத்துப் பத்து நிமிடம் ஜெபம் செய்துவிட்டுத்தான் கொடுத்தார். அண்ணி நெற்றியில் திருநீறு பூசி, புளிச்சோறும் நெத்திலி சம்பலும் கட்டிக் கொடுத்தார். ஒரு சனிக்கிழமை காலை, இரண்டு மதங்களின் ஆசியோடு, ஈப்போவின் ஓரத்தில் எங்கள் வீடு இருக்கும் குனோங் ராபாட்டிலிருந்து கிளம்பினேன்.

அரங்கத்தில் எங்களை வரவேற்றவர்கள் கையில் ஆளுக்கொரு வாக்கிடாக்கி. சக்கர நாற்காலிக்கு எந்த வாசல் என்று கேட்டால் மட்டும் அது வேலை செய்யாது. ஒருவர் கிழக்கே கை காட்டினார், அங்கே இருந்தவர் மேற்கே காட்டினார். அரங்கத்தை ஒரு பிரதட்சணம் செய்து முடித்த பிறகு சரிவுப் பாதை கிடைத்தது. அழகான பாதை. அதன் முடிவில் இரண்டு படிகள் இருந்தன. தோழியும் இன்னும் மூன்று பேரும் என்னை நாற்காலியோடு பல்லக்கு தூக்கினார்கள்.

அடுத்து பாதுகாப்புச் சோதனை. குடை, தண்ணீர்ப் புட்டி இவற்றோடு என் ஊன்றுகோலும் ஆபத்தான பொருளாம். மேடையை நோக்கி வீசிவிடுவேனாம். "நாற்காலிலதான இருக்கீங்க ஆன்ட்டி, இது எதுக்கு?" என்று மலாயில் கேட்டு, அதில் ஓர் எண் அட்டையைக் கட்டி எடுத்துப் போய்விட்டார்கள்.

எங்கள் மேடையைக் கட்டியவர் நிச்சயமாக உட்கார்ந்து பார்த்ததில்லை. முன்னால் இருந்த தடுப்புக் கம்பி சரியாக என் கண் மட்டத்தில் இருந்தது. சாய்ந்தும் குனிந்தும் ஒரு கோணத்தைக் கண்டுபிடித்தேன். விளக்குகள் அணைந்து முதல் பாட்டு தொடங்கியதும் முன் வரிசைகளில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். அதன் பிறகு மூன்று பாட்டுகள் வரை நான் பார்த்தது மனிதர்களின் முதுகுகளைத்தான். ஆசை ஆசையாகக் கிளம்பி, பொய் சொல்லி, இருநூறு கிலோமீட்டர் வந்து முதுகு பார்க்கிறேனே என்று அழுகை வந்துவிட்டது.

நான்காவது பாட்டு எனக்கு உயிர். தோழியிடம், "பிடி" என்றேன். அவள் பின்னால் வந்து என் இடுப்பை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்தாள். ஒரு கையால் கம்பியைப் பற்றி எழுந்தேன். ஆறு பேரும் தெரிந்தார்கள். சின்னச் சின்னதாக, ஆனால் உண்மையாக. மறு கையை உயர்த்திக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதேன். வெட்கமே இல்லாமல் சொல்கிறேன், பதினாறு வருடங்களில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

வாக்கிடாக்கி வைத்திருந்த ஒரு பெண் ஓடி வந்தாள். "ஆன்ட்டியால நிக்க முடியுமா? அப்ப எதுக்கு வீல்சேர்?" மூன்று நிமிடம் நிற்க முடியும், நாலாவது நிமிடம் விழுந்துவிடுவேன் என்று எப்படி அவளுக்கு விளக்குவது? இவர்கள் கணக்கில் கால் என்றால் ஒன்று ஓட வேண்டும், இல்லை செத்துக் கிடக்க வேண்டும். நான் பதில் சொல்வதற்குள் எங்கிருந்தோ ஒரு கேமரா என்னைப் பிடித்துப் பெரிய திரையில் போட்டுவிட்டது. அரங்கமே என்னைப் பார்த்துக் கைதட்டியது. பாட்டு முடிந்ததும் பொத்தென்று உட்கார்ந்தேன்.

ஊன்றுகோலை மீட்டுக்கொண்டு, அன்று தோழியின் அக்கா வீட்டில் தங்கிவிட்டு, மறுநாள் மதியம் வீடு திரும்பினோம். அதற்குள் எனக்கு முன்பாகவே நான் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தேன். திரையில் நான் தெரிந்ததை யாரோ படம் பிடித்துப் போட, அது எங்கெங்கோ சுற்றி எங்கள் குடும்ப வாட்சாப்பில் வந்து விழுந்திருந்தது. பாட்டுச் சத்தம் இல்லை, கூட்டத்தின் இரைச்சல்தான். பிடித்துக்கொண்டிருந்த தோழி என் முதுகுக்குப் பின்னால் மறைந்துபோயிருந்தாள். பெரிய அரங்கம், ஆயிரக்கணக்கான விளக்குகள், பின்னால் காலியாக ஒரு சக்கர நாற்காலி, ஊன்றுகோல் இல்லாமல் எழுந்து நின்று கையை உயர்த்தி அழும் ஒருத்தி. எங்கள் உறவினர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் ஒரே முடிவுக்கு வந்திருந்தார்கள். நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, அல்லேலூயா சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போயிருக்கிறேன்.

காரை விட்டு இறங்கியதும் பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். "நாற்காலி மேல கை வெச்சப்பவே எனக்குத் தெரியும்!" என்று அழுதார். அண்ணன் வாசலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். "நம்ம சாமி என்னா குறை வெச்சிச்சு உனக்கு?" காம்பார் போகும் வழியில், ரப்பர் மரங்களை வெட்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டுவிட்ட பழைய தோட்டத்தில் எங்கள் மாரியம்மன் இருக்கிறாள். அவளைத்தான் சொன்னார். அண்ணி மட்டும் ஆரத்தித் தட்டோடு நின்றார். எனக்குத் திருஷ்டி கழித்துவிட்டு, வேலிக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி சொன்னார்: "எந்தக் கூட்டத்துல நின்னா என்னா? நிக்க வெச்சது எங்க ஆத்தா. நான் நேந்துக்கிட்டேன். என் தங்கச்சி எழுந்து நின்னுட்டா முடி தாரேன்னு. வர்ற வெள்ளிக்கிழமை தோட்டத்துக் கோயில்ல மொட்டை."

அண்ணியின் முடி இடுப்புக்குக் கீழே தொங்கும். நகை இல்லை, நல்ல சேலை அதிகம் இல்லை. அவரிடம் பெருமைப்பட்டுக்கொள்ள இருந்தது அந்த முடி ஒன்றுதான்.

அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் அண்ணன் என் கைப்பேசியைத் தூக்கி எறிவார், அதற்குப் பிறகு ஆயுள் முழுக்க எங்கும் விடமாட்டார் என்று பயம். திங்கள் போனது, செவ்வாய் போனது. பழையபடி ஊன்றுகோலோடு நடந்துகொண்டிருந்த என்னைப் பார்த்து, "மெதுவா, மெதுவா, ஆத்தா ஒரேயடியாத் தரமாட்டா" என்று வருகிறவர்கள் எல்லாம் தைரியம் சொன்னார்கள். அற்புதமாக இருப்பது இவ்வளவு அலுப்பான வேலை என்று எனக்குத் தெரியாது. அண்ணியோ தினமும் முடிக்கு எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, பின்னிக்கொண்டிருந்தார். நாலு நாளில் கொடுக்கப்போகிற முடிக்கு அத்தனை பராமரிப்பு. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் சமையலறையில் அவர் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். டாக்டர் இல்லை, ஜெபக்கூட்டமும் இல்லை, கொரியப் பாட்டுக் கச்சேரி, நாற்காலிக்கு ஓர் இடமும் பக்கத்தில் துணைக்கு ஒரு சீட்டும் கொடுத்தார்கள், நின்றது மூன்று நிமிடம், பின்னால் ஒருத்தி பிடித்துக்கொண்டிருந்தாள், கால் அதே கால்தான். "முடிய எடுக்காதீங்க அண்ணி" என்றேன்.

அவர் கை நிற்கவில்லை. மூடி முழுவதையும் துருவி முடித்தார். அப்புறம், "அந்த மஞ்ச முடிக்காரன் வந்தானா?" என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை. "நீ எப்பவும் போடுவியே, அந்தப் பாட்டுல கடைசியா இழுத்துப் பாடுவானே, அவன். நீ போன்ல பாக்கறப்ப இங்க அடுப்புக்கிட்டேர்ந்து நானும்தான பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றார்.

"வந்தான் அண்ணி."

"பக்கத்துல ஒரு சீட்டு குடுத்தாங்கன்னு சொன்னியே. அதுல யாரு உக்காந்தா?"

வேலையிடத்துப் பெண் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆஸ்பத்திரியும் கோயிலும்தான் எனக்கென்று எழுதிவைத்த வீட்டைப் பதினாறு வருடங்களாக மனதுக்குள் திட்டித் தீர்த்திருக்கிறேன். அண்ணிக்கும் அதே இரண்டைத்தான் நான் எழுதி வைத்திருந்தேன். கச்சேரிக்கு அவரை அழைக்கலாம் என்று எனக்கு ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. அவமானமாக இருந்தது.

மறுநாள் காலை அவர் மஞ்சள் சேலை கட்டிக் கிளம்பினார். வாசலில் போய் மறித்தேன். உண்மையைத்தான் சொல்லிவிட்டேனே, இனி எதற்கு மொட்டை என்று கெஞ்சினேன்.

"நீ நிக்கணும்னுதான் வேண்டுனேன். நின்னுட்ட" என்றார் செருப்பை மாட்டிக்கொண்டே. "எங்க நின்ன, யாரு கூட நின்னன்னு ஆத்தா கேக்கமாட்டா. நான்தான் கேப்பேன்."