ஞாயிற்றுக்கிழமை பிடுங்கிய களை

ஹார்லன் டீசெங்காவின் வாயிலிருந்து வரக்கூடிய மிகப் பெரிய பாராட்டு "பரவாயில்ல" என்பதுதான். மகள் மார்லா பிறந்தபோது மருத்துவமனையில் குழந்தையைக் கையில் வாங்கி, நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு அதையேதான் சொன்னார். மனைவி லோயிஸ் அதை இருபத்தெட்டு வருடமாகச் சொல்லிக் காட்டிக்கொண்டிருக்கிறாள். ஜீலண்ட் என்ற அந்தச் சிற்றூரின் டச்சு வம்சத்துக் குடும்பங்களில் எல்லோருமே கொஞ்சம் இந்த ரகம். தன்னைத் தானே மெச்சிக்கொள்வது அவர்களுக்குச் சட்டை போடாமல் கடைத்தெருவில் நடப்பதைப் போல.

அப்பா செலரிக் கீரை பயிரிட்டவர். அந்தக் கறுப்பு மண்ணில் முழங்காலிட்டுக் களை பிடுங்கியே ஹார்லன் வளர்ந்தார். இருபத்தாறு வயதில் ஒரு பழைய டிரக்கை வாங்கி, வீடுகளுக்குத் தோட்டம் அமைத்துக் கொடுக்கும் தொழிலில் இறங்கினார். விளம்பரம் என்று ஒரு பலகைகூட வைத்ததில்லை. பார்த்தவர்கள் கூப்பிட்டார்கள், அவர் போனார், அவ்வளவுதான்.

2009 வசந்தத்தில் கூப்பிடுவது நின்றுபோனது. சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளில் ஆள்குறைப்பு. வேலை போனவர்கள் தங்கள் புல்லைத் தாங்களே வெட்டிக்கொண்டார்கள். ஹார்லனிடம் பன்னிரண்டு வருடமாக இருக்கும் எலிசியோவையும் டக்கையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டிய நிலை. அந்த நேரத்தில்தான் அவர்களுடைய சர்ச் சபை நடத்தும் முதியோர் இல்லம் தன் முற்றத்தில் பெரிய தோட்டம் போட முடிவு செய்தது. அது கிடைத்தால் இரண்டு பேருக்கும் இலையுதிர் காலம் வரை வேலை உண்டு. கிடைக்காவிட்டால் அவர்கள் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது என்று ஹார்லனுக்குத் தூக்கமே வரவில்லை.

இல்லத்தின் கமிட்டியில் எல்லோருக்கும் எழுபதைத் தாண்டிய வயது. ஊர் ஊராகப் போய்த் தோட்டம் பார்க்க முடியாது, ஏதாவது படம் இருந்தால் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வெளியூரில் இருந்த மார்லா உடனே ஒரு சின்ன வீடியோ கேமராவை அனுப்பி வைத்தாள். சட்டைப்பையில் அடங்கும். ஒரே ஒரு சிவப்புப் பொத்தான். "அழுத்துங்க, பேசுங்க, திரும்ப அழுத்துங்க. கம்ப்யூட்டர்ல செருகி எனக்கு அனுப்பிடுங்க. இன்டர்நெட்ல போடுறது என் வேலை" என்றாள்.

முதல் படத்தில் நான்கு நிமிடம் ஹார்லனின் பூட்ஸ் மட்டுமே இருந்தது. இரண்டாவதில் கட்டைவிரல். மூன்றாவதில் எல்லாம் சரியாக இருந்தது, ஆனால் அவர் பேசியது ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டில் புல் வெட்டும் மெஷின். நான்காவதிலும் மெஷின். மே மாதத்து ஜீலண்டில் காலை முதல் இருட்டும்வரை யாராவது ஒருவர் புல் வெட்டிக்கொண்டேதான் இருப்பார். நிசப்தமான நாள் வாரத்துக்கு ஒன்றுதான். ஞாயிறு ஓய்வு நாள், அன்று வேலை செய்வது அவர்கள் சபையில் பாவம்; மெஷினைக் கிளப்பினால் தெரு முழுக்க ஜன்னல் திரைகள் விலகும்.

அப்படியாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை முடிந்து, சாப்பாடு முடிந்து, லோயிஸ் கண்ணயர்ந்த நேரத்தில் மனிதர் நழுவினார். ஒரு வாடிக்கையாளரின் பின்தோட்டத்தில், பறவைகளுக்குத் தண்ணீர் வைக்கும் கல்தொட்டியின் விளிம்பில் கேமராவை வைத்தார். ஹைட்ரேஞ்சியா செடிகளை எங்கே வைத்தேன், ஏன் வைத்தேன் என்று நிதானமாகச் சொன்னார். அற்புதமாக வந்தது. மார்லா அன்று இரவே இன்டர்நெட்டில் போட்டுவிட்டாள்.

புதன்கிழமை லோயிஸ் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள்.

"ஹார்லன், இங்க வா. டை கட்டிக்கிட்டு நிக்கிற."

"சும்மா, நீட்டா இருக்கட்டும்னு."

"பின்னாடி சர்ச் மணி அடிக்குது. வார நாள்ல யாராச்சும் செத்தாத்தான் மணி. போன வாரம் யாரும் சாகல."

லோயிஸ் திரையில் விரலை வைத்தாள்.

"சரி, படம் புடிக்கிறது வேலையா இல்லையான்னு நாலு நாள் வாதாடலாம். இது என்ன?"

திரையில் டை கட்டிய ஹார்லன் பேச்சின் நடுவே குனிந்து, மஞ்சள் பூ பூத்த ஒரு களையை வேரோடு பிடுங்கிக் கோட்டுப்பையில் போட்டுக்கொண்டார். பிடுங்கியது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

"மார்லாகிட்ட எடுத்துடச் சொல்லட்டுமா?"

"எடுத்து? ஊரே பாத்தாச்சு. கடையில ரெண்டு பேர் எங்கிட்டக் கேட்டாச்சு. பையில களையோட அந்தக் கோட்டத்தான் நான் டிரை வாஷுக்குப் போட்டேன், மகராசா!"

மறுநாள் கமிட்டி கூப்பிட்டது. தலைவி வில்மா போஸ்ட்மா, எழுபத்தெட்டு வயது, முன்னாள் பியானோ ஆசிரியை. கணினியில் படத்தை ஓடவிட்டு, சரியாகக் களை பிடுங்கும் இடத்தில் நிறுத்தினாள்.

"இது ஞாயித்துக்கிழமைதானே?"

"ஆமாங்க."

"களை புடுங்குனீங்களா?"

"புடுங்குனேன். தெரிஞ்சு செய்யல, ஆனா கை என்னோடதுதான். மெஷின் சத்தம் இல்லாத நாள் அது ஒண்ணுதான்னு போனேன். போயிருக்கக் கூடாது."

அதோடு எல்லாம் முடிந்தது என்று தொப்பியைக் கையில் எடுத்தார். எலிசியோவின் முகம் கண் முன்னால் வந்தது.

"உக்காருங்க, நான் இன்னும் முடிக்கல" என்றாள் வில்மா. "போட்டிக்கு வந்த இன்னொருத்தர் படத்துல பன்னெண்டு தோட்டம். பாட்டெல்லாம் போட்டிருக்கார். அதுல நாலு தோட்டத்துல களை இருக்கு, நான் எண்ணிட்டேன். எங்களுக்குப் பாட்டு வேண்டாம். ஒத்தக் களையப் பாத்தாலும் கை சும்மா இருக்காத ஆள்தான் வேணும்." பிறகு விரலை நீட்டினாள். "ஆனா ஒண்ணு. ஞாயித்துக்கிழமை எங்க முத்தத்துல கால் வெச்சீங்க, உங்க மண்வெட்டியாலயே விரட்டுவேன்."

டிரக்கில் ஏறிய பிறகுதான் ஹார்லனுக்குக் கண் கலங்கியது. துடைத்துக்கொண்டு, நேராக எலிசியோ வீட்டுக்கு வண்டியை விட்டார்.

ஆகஸ்டில் தோட்டம் முடிந்தது. அதைப் படம் எடுக்க ஒரு புதன்கிழமை காலை லோயிஸ் கேமராவோடு வந்தாள். பொத்தானில் கை வைத்ததும் மூன்று பக்கமிருந்தும் மெஷின்கள் உறுமின. வில்மா தன் நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு தெருவுக்குப் போனாள். என்ன சொன்னாளோ, ஒவ்வொன்றாக அடங்கின. திரும்பி வந்து, "பத்து நிமிஷம் தந்திருக்காங்க. சீக்கிரம் பேசுங்க" என்றாள்.

ஜன்னல்களில் இல்லத்துக்காரர்கள் நின்றார்கள். எலிசியோவும் டக்கும் வேலியோரம் நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமை போல அமைதி. ஹார்லன் செடிகளைப் பார்த்தார், கல்பாதையைப் பார்த்தார்.

"ஏதாச்சும் சொல்லேன், ஹார்லன்" என்றாள் லோயிஸ்.

"பர…" என்று ஆரம்பித்து நிறுத்தினார். பிறகு சொன்னார்: "நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு."

லோயிஸ் எடுத்த படம் அந்த இடத்தில் ஆடும். திரும்ப எடுக்கலாம் என்று மார்லா சொன்னாள். லோயிஸ் விடவில்லை.