எர்ச்சி கில்ட் கட்டிய நாள்

எர்ச்சி ஃப்ளெட்டின் முழங்காலை அறுபத்தாறு வருஷமாக எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை. போர்ட்சாய் போன்ற சின்ன ஊரில் இது சாதாரண விஷயமில்லை. இங்கே யார் வீட்டுக் கொடியில் எந்த உள்ளாடை காய்கிறது என்பது வரை எல்லோருக்கும் அத்துப்படி. ஜூலை வெயிலில்கூட அவன் கம்பளிக் கால்சட்டையோடுதான் கடற்கரையில் உட்கார்ந்திருப்பான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா போன பிறகு துறைமுகத்துக்கு மேலே இருக்கும் இரண்டு அறை வீட்டில் தனியாக இருந்தான். தொலைக்காட்சியில் செய்தி படிக்கிறவருக்கு வாய்விட்டுப் பதில் சொல்லுவான். அதை நானே ஜன்னல் வழியாகக் கேட்டிருக்கிறேன்.

அவனும் நானும் மர்டோவும் குப்பை லாரியில் இருபத்திரண்டு வருஷம் ஒன்றாக வேலை பார்த்தோம். எர்ச்சி ஓட்டுவான். மர்டோவும் நானும் தொட்டிகளை இழுத்து வந்து கவிழ்ப்போம். மர்டோ ஸ்கை தீவுக்காரன். வேலை இல்லாத நாளெல்லாம், இடுப்பைச் சுற்றி முழங்கால் வரை ஆண்கள் கட்டுகிற கட்டம் போட்ட கம்பளித் துணியான கில்ட்தான் கட்டுவான், ரொட்டி வாங்கப் போவதற்குக்கூட. எங்கள் கரையில் அந்த வழக்கம் கிடையாது. கில்ட் என்பது மலைக்காரர்களுக்கும், பணக்கார மாப்பிள்ளைகளுக்கும், ஹோட்டல் வாசலில் பேக்பைப் ஊதுகிறவனுக்கும்தான் என்று என் அப்பா சொல்வார். மீன்பிடிக் குடும்பத்துக்காரன் அதைக் கட்டினால் ஊர் சிரிக்கும்.

ஒருநாள் காலையில் ஆலங்கட்டி மழை. லாரியை ஓரம் கட்டிவிட்டு மூவரும் உள்ளே உட்கார்ந்து ரோவி ரொட்டி தின்றுகொண்டிருந்தோம். நான் நடுவில்.

"நான் செத்தா நீங்க ரெண்டு பேரும் கில்ட் கட்டிட்டுதான்டா வரணும்," என்றான் மர்டோ. "கறுப்புப் பேன்ட் போட்டுட்டு வந்தீங்க, பெட்டிய ஒதைச்சுத் தெறந்துட்டு எந்திரிச்சு வருவேன்."

"நீ எந்திரிச்சு வரதா இருந்தா பேன்டே போட்டுட்டு வரோம்," என்றேன்.

எர்ச்சி சிரிக்கவில்லை. "சரி, வரேன்," என்றான். பிறகு நானும் சரி என்றேன். வாயில் ரொட்டி இருக்கும்போது யாருக்குத்தான் சரி சொல்ல வராது?

மார்ச் மாதம் மர்டோ போய்விட்டான். நாற்காலியில் உட்கார்ந்தபடியே. எதிர்வீடு என்பதால் நான்தான் போய்ப் பார்த்தேன். கிளாஸ்கோவில் இருக்கும் அவன் மகள் கிர்ஸ்டிக்கும் நான்தான் போன் செய்தேன்.

எங்கள் பக்கம் பெட்டியைக் குழியில் இறக்க எட்டுக் கயிறுகள் உண்டு. எந்தக் கயிற்றை யார் பிடிப்பது என்று குடும்பம்தான் முடிவு செய்யும். பிடிக்கிறவர்களுக்கு எண் போட்ட சீட்டு முன்கூட்டியே வந்துவிடும். கயிறு கிடைப்பது ஒரு மரியாதை. செத்தவனுக்கு நீ யார் என்று ஊருக்குச் சொல்வது அது. எர்ச்சி நான்கு நாள் காலையில் தபால் வரும் நேரத்துக்குக் கதவருகே நின்றான். நான்காம் நாள் என்னிடம் கேட்டான்:

"உனக்குச் சீட்டு வந்துச்சாடா நோரி?"

"இல்லையே," என்றேன்.

வந்திருந்தது. ஏழாம் எண். நோரி ரீட் என்று என் பெயர் அழகாக எழுதியிருந்தது. கிர்ஸ்டிக்கு என் பெயர் தெரியும், போன் செய்தவன் அல்லவா. நான் ஏன் பொய் சொன்னேன் என்று கேட்டால், அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவ்வளவுதான்.

அடக்கத்தன்று ஒரு மணிக்கு சர்ச். நான் கறுப்பு சூட் போட்டேன். கில்ட் என்ற நினைப்பு வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். மர்டோ சும்மா விளையாட்டுக்குச் சொன்னது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பேன்ட்டை மாட்டினேன்.

சர்ச் வாசலில் நின்றபோது தெருக்கோடியில் எர்ச்சி வருவது தெரிந்தது. மூன்று நாள் சமையலறைத் திரையை மூடிக்கொண்டு கட்டிப் பழகியிருக்கிறான், பின்னால்தான் சொன்னான். தபாலில் வாங்கிய மலிவுச் சரக்கு. எட்டு கஜம் கனத்த கம்பளி இருக்க வேண்டிய இடத்தில் மேஜை விரிப்பு போல மெல்லிசாக ஒரு பச்சைக் கட்டத் துணி. அதையும் கால்சட்டை மாதிரி இடுப்பெலும்புக்குக் கீழே இறக்கிக் கட்டியிருந்தான். பாவாடை மாதிரி முழங்காலைத் தாண்டித் தொங்கியது. ஒரு கையால் முன்பக்கத்தையும் இன்னொரு கையால் பின்பக்கத்தையும் அமுக்கிக்கொண்டு, வழியில் யாரையும் பார்க்காமல் நடந்து வந்தான்.

பேருந்து நிறுத்தத்தில் மூன்று பெண்கள். பேக்கரி ஈஃபி அவர்களில் ஒருத்தி, அவள் வாய்க்கு ஊரே பயப்படும்.

"ஏய் எர்ச்சி! யாரு வீட்டு ஜன்னல் திரைய அவுத்துட்டு வந்தே?"

"சும்மா இரு ஈஃபி."

"உள்ள என்ன போட்டிருக்கே? அதையாச்சும் சொல்லிட்டுப் போ!"

மூன்று பேரும் கைதட்டிச் சிரித்தார்கள். எர்ச்சிக்குக் கழுத்து வரை சிவந்துவிட்டது. ஆனால் திரும்பிப் போகவில்லை. போயிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

என்னருகே வந்ததும் என் பேன்ட்டைப் பார்த்தான். நான் அசடு வழியச் சிரித்தேன்.

"டேய், மேல ஏத்திக் கட்டணும்டா. தொப்புள் வரைக்கும். முழங்கால் பாதி தெரியணும்."

"அப்படியா?" என்று சுவர் மறைவுக்குப் போய் ஏற்றிக் கட்டினான். அவன் முழங்கால் வெள்ளையாக, உரித்த உருளைக்கிழங்கு மாதிரி வெளியே வந்தது. "கண்ணாடில பாத்தா சரியாத்தான் தெரிஞ்சுது நோரி. சொல்றதுக்கு வீட்ல யாரு இருக்கா?"

சர்ச்சில் முன்வரிசை முழுக்க ஸ்கை உறவினர்கள். அத்தனை பேர் இடுப்பிலும் கனத்த கில்ட். எர்ச்சி கடைசி வரிசையில் ஓரமாக, முழங்கால்களை ஒட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அந்த வரிசையில் வேறு யாரும் உட்காரவில்லை. நான் இரண்டு வரிசை முன்னால் இருந்தேன்.

கல்லறைத் தோட்டம் கடலைப் பார்த்த மேட்டில். அன்று வடக்கிலிருந்து அடித்த காற்றில் போதகரின் ஜெபம் பாதி எங்கள் காதுக்கு வரவில்லை. அடக்கத்தை நடத்திவைக்கும் கெட்டிஸ் எண்களைக் கூப்பிட ஆரம்பித்தார். ஒன்று, தலைமாட்டில் கிர்ஸ்டி. இரண்டு, மர்டோவின் அண்ணன். ஒவ்வொரு எண்ணுக்கும் எர்ச்சியின் தலை லேசாக நிமிர்ந்து மறுபடி தாழ்ந்தது. தனக்குச் சீட்டு இல்லை என்று தெரிந்தும் அவன் காத்திருந்தான். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை.

"ஏழு," என்றார் கெட்டிஸ்.

நான் எர்ச்சியின் முதுகில் கை வைத்துத் தள்ளினேன். "போடா. உன்னைத்தான்."

"என்னையா?"

"உன்னைத்தான் போ."

கெட்டிஸ் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். முப்பது வருஷமாக அடக்கம் நடத்துகிற மனிதர், புரிந்துகொண்டு கயிற்றை எர்ச்சி கையில் கொடுத்தார்.

பெட்டி இறங்கத் தொடங்கியதும்தான் காற்று முழு வேகத்தில் அடித்தது. ஸ்கைக்காரர்களின் கில்ட் அசையவில்லை. எர்ச்சியுடையது பின்பக்கம் எழும்பி, அப்படியே முதுகு வரை ஏறி நின்றது. உள்ளே நீல நிற நீச்சல் டிராயர். பேருந்து நிறுத்தத்தில் கேட்ட கேள்விக்கு ஊர் முழுக்கப் பதில் கிடைத்தது. யாரோ ஓர் இளவட்டம் களுக்கென்று சிரித்தான். ஒரு கையை விட்டுத் துணியை அமுக்கியிருக்கலாம். எர்ச்சி விடவில்லை. இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்து, அங்குலம் அங்குலமாக, குண்டும் குழியுமான தெருவில் லாரியை ஓட்டுகிற அதே கவனத்தோடு இறக்கினான். மழைத் தூறல் அவன் வெறுங்காலில் வழிந்தது. இரண்டு எட்டு வைத்துப் போய் அவன் பின்னால் நான் நின்றிருந்தால் ஒருவருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. நான் போகவில்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் என்னையே அறையத் தோன்றுகிறது.

பிறகு ஹோட்டலில் சூப்பும் இறைச்சி அடைத்துச் சுட்ட பண்டமும் கொடுத்தார்கள். கிர்ஸ்டி என்னிடம் வந்தாள்.

"உங்களுக்குத்தானே அங்கிள் சீட்டு அனுப்பினேன். அந்த மனுஷர் யாரு?"

"எர்ச்சி. உங்க அப்பாகூட இருபத்திரண்டு வருஷம் லாரி ஓட்டினவன்."

"ஓ, டிரைவரா!" என்றாள். "அப்பா எப்பவும் டிரைவர் டிரைவர்னுதான் சொல்வார். பேர் சொன்னதே இல்ல."

எர்ச்சி மூன்று நாற்காலி தள்ளி, கோப்பையோடு உட்கார்ந்திருந்தான். கேட்டதா கேட்கவில்லையா என்று அவன் முகத்திலிருந்து தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.

நாலு மணிக்கு இருவரும் வீட்டுக்கு நடந்தோம். காற்று அடங்கியிருந்தது. இப்போது அவன் கில்ட்டை அமுக்கிப் பிடிக்கவில்லை.

"என் சீட்டு தபால்ல தொலைஞ்சிருக்கும்," என்றான்.

"ஆமா. அந்தத் தபால்காரனைச் சொல்லணும்."

"ஆனாலும் கூப்பிட்டாங்க பாரு." கொஞ்ச தூரம் அந்த சந்தோஷத்திலேயே நடந்தான். பிறகு நின்றான். "எட்டுக் கயிறுடா நோரி. எனக்கு யார் யாரு பிடிப்பா?"

"இப்ப எதுக்குடா அந்தப் பேச்சு?"

"இல்ல, சும்மா எண்ணிப் பாக்கறேன். நீ ஒண்ணு." சுண்டுவிரலை மடக்கினான். "கில்ட் கட்டிட்டு வருவே இல்ல?"

"வருவேன்."

"மர்டோகிட்டயும் இப்படித்தான் சொன்னே."

கோபமாகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் தேவலை. மடக்கிய ஒரு விரலை அப்படியே வைத்துக்கொண்டு, அடுத்த விரலுக்கு ஆள் தேடியபடி துறைமுகம் வரை அவன் நடந்தான். நான் பக்கத்தில் பேன்ட்டோடு நடந்தேன். அவன் வீட்டு வாசல் வந்தபோதும் அந்த ஒரு விரல்தான் மடங்கியிருந்தது.