சங்கிலிக்குக் கீழே நிற்க வேண்டியவர்

முதலாளி வந்திருந்தார். கிரேன் வாங்கும் செங்கோட்டை மரக்கடை வியாபாரி, மாட்டு வண்டிகளோடு வந்திருந்தார். பட்டறை ஆட்கள் அத்தனை பேரும் நின்றார்கள். கிரேனின் சங்கிலியைக் காய்ச்சி அடித்த ஆசாரி மட்டும் வரவில்லை.

தென்காசியில் எங்கள் பட்டறை, பெரிய மரத்தடிகளைத் தூக்கும் கிரேன் செய்தது. செய்த சாமானைச் சோதித்து முத்திரை குத்துவது என் வேலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்த முத்திரை அச்சைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே தூங்கியிருக்கிறேன். பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. கிரேன் முதல் பாரம் தூக்கும்போது, சங்கிலி காய்ச்சியவர் அதன் கீழே நிற்க வேண்டும். நின்றால்தான் முத்திரை.

சுத்தியலால் சங்கிலியைக் கண்ணி கண்ணியாகத் தட்டிப் பார்த்தேன். எல்லாம் கணீரென்றுதான் கேட்டது.

“ஆசாரி வராட்டா என்ன? செக்கிங் தம்பிய நிறுத்துங்க. படிச்ச மண்டை, லேசுல உடையாது,” என்றார் வியாபாரி.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சங்கிலிக்குக் கீழே மட்டும் போகவில்லை. “அவர கூட்டிட்டு வாரேன் முதலாளி,” என்று கிளம்பினேன்.

குற்றாலத்துக்குக் குளிக்கப் போயிருப்பதாக ஆசாரி வீட்டில் சொன்னார்கள். குற்றாலம் போகும் வழியெல்லாம் சாரல். பெய்கிறதா, சும்மா காற்றில் நிற்கிறதா என்று தெரியவில்லை. மலை இருந்த இடத்தில் வெள்ளையாக என்னவோ மிதந்தது. நான் நடக்கிறேனா, தூக்கத்தில் யாரோ கூட்டிப் போகிறார்களா என்றிருந்தது. அருவிக்கரைப் பாறைகளில் எண்ணெய் மினுங்க ஆட்கள் கிடந்தார்கள். அந்தச் சாரல் புகைக்குள் எல்லாருக்கும் ஒரே முகம். தீப்பொறித் தழும்பு நிறைந்த கையைப் பார்த்துத்தான் ஆசாரியைக் கண்டுபிடித்தேன்.

“ஏலே, நீயா? வா, எண்ணெய் தேய்ச்சுக்கோ.”

“அங்கன எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க அண்ணாச்சி. மேலுக்கு முடியலையா?”

“மேலுக்கு ஒண்ணுமில்ல.” கண்ணைத் திறக்காமலே பேசினார். “சாரல்ல கரி நமத்துப்போச்சு. நடுவுல ரெண்டு கண்ணிக்குச் சூடு பத்தல. ஒட்டியிருக்கும்னுதான் நெனைக்கேன். ஆனா கீழ போய் நிக்கணுமே! எனக்கு மூணு பொட்டப் பிள்ளைக.”

“முதலாளிகிட்ட சொல்லலாம்லா?”

“கூலியில பிடிப்பாருலே. நீ முத்திரையக் குத்திவிட்டுரு.”

“மரக்கடையில அதுக்குக் கீழ நிக்கவனுக்கும் பிள்ளைக இருக்கும்லா அண்ணாச்சி?”

அவர் எழுந்து அருவிக்குள் போனார். தண்ணீர்த் திரைக்குள் இருக்கிறாரா, கரைந்துவிட்டாரா என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். ஈரத் தலையோடு வெளியே வந்தவர், “வாலே,” என்று முன்னால் நடந்தார்.

பட்டறைக்கு வந்து முதலாளியிடம் அவரே சொன்னார். முதலாளி நம்பவில்லை. கீழே யாரும் நிற்காமல் பாரத்தைத் தூக்கச் சொன்னார். இரும்புக்கட்டி ஆள் உயரம் ஏறியது. கண்ணி ஒன்று, வாய் திறப்பதுபோல் மெதுவாக விரிந்தது. கட்டி விழுந்த அதிர்வில் வண்டி மாடுகள் மிரண்டு எழுந்தன. வியாபாரி அதன்பிறகு சிரிக்கவில்லை.

உலர்ந்த கரி வாங்கி, அந்தக் கண்ணிகளை வெட்டி மறுபடி காய்ச்சினார்கள். இந்த முறை ஆசாரி கீழே நின்றார், நான் முத்திரை குத்தினேன். கரிக்கும் கூலிக்கும் காத்துக்கிடந்த வண்டிகளின் வாடகைக்கும் முதலாளி பாதி, ஆசாரி பாதி கொடுத்தார்கள். மொத்தம் நாற்பத்தாறு ரூபாய் எட்டணா.