கூரையைக் கழற்றிய வாரம்

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் எங்கள் வீடு. பழைய வீடு. பக்கத்துக் காணியில் ஐந்து மாடி பிளாட் எழும்பிய பிறகு, பட்டப்பகலிலும் லைட் போட்டால்தான் அரிசியில் கல் கிடக்கிறதா என்று பார்க்கலாம். மேலே அஸ்பெஸ்டஸ் சீட் கொதிக்கும். கீழே மூன்று ஃபேன் ஓயாமல் சுற்றும். வடக்கில் சண்டை நடந்த காலம்; சாமான் விலையோடு போட்டி போட்டுக்கொண்டு கறண்ட் கட்டணமும் ஏறியது. பில் வரும் நாளில் என் கணவர் என் முகத்தைப் பார்க்க மாட்டார். பார்த்தால் நான் கத்துவேன் என்று அவருக்குத் தெரியும்.

வீடு ஏற்கெனவே வங்கியில் ஈட்டில் இருந்தது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் திருத்த வேலைக்கு அதே வங்கி கடன் கொடுக்கிறது என்று கேள்விப்பட்டு, பாடசாலை விட்டதும் நேரே அங்கே போனேன். கூடத்துக்கும் குசினிக்கும் மேலே கூரையைக் கழற்றி உயர்த்த வேண்டும். வெளிச்சம் விழ நாலு இடத்தில் கண்ணாடிச் சீட், வெக்கை இறங்காமல் சீலிங், காற்றுக்கு இரண்டு ஜன்னல். கடனைப் பழைய ஈட்டோடு சேர்த்து எழுதலாம், கூடுகிற தவணையை பில்லில் மிஞ்சுவதை வைத்துக் கட்டலாம் என்று அதிகாரி விளக்கினார். பிறகுதான் நிபந்தனை வந்தது. பாதிக் காசு முதலில். மீதி, கூரை மூடியதை வங்கி ஆள் வந்து பார்த்த பிறகு. மாத முடிவுக்குள் மூடாவிட்டால் மீதி இல்லை.

“மூடுறதுக்குத்தானே சேர் காசு கேக்கிறன். மூடின பிறகு தந்தால் நான் என்ன செய்யிறது?”

“ஈட்டில இருக்கிற வீடு மிஸ். கூரையில்லாமல் விட்டீங்களெண்டால் எங்களுக்கு நட்டம்.”

அவர்களுக்கு நட்டமாம். மழை அவர் தலையிலா விழப்போகிறது? மனதுக்குள் திட்டிக்கொண்டே ஒப்புக்கொண்டேன்.

வேலைக்கு வந்தவர் ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்த மேசன். ஐம்பது வயதிருக்கும், கெட்டிக்காரர். நகரின் மறுகோடியில் கொட்டாஞ்சேனையில் அறையெடுத்து இருந்தார். ஒவ்வொரு செக்பொயின்ற்றிலும் பஸ்ஸை விட்டு இறங்கி ஏறி வருவதிலேயே அவருக்குப் பாதி நாள் போனது. வேலை முடியும் மட்டும் எங்கள் வீட்டிலேயே தங்கச் சொன்னேன். நல்ல மனதில் சொன்னதல்ல. எனக்குக் கூரை சீக்கிரம் முடிய வேண்டும்.

“அம்மா, வெளியாள் தங்குனா பொலிஸ்ல பதியணும்” என்றார் வந்த அன்றே. “வீட்டுக்காரங்க வந்தாத்தான் எழுதுவாங்க. மறந்துறாதீங்க.”

எனக்குத் தெரியாததா? தமிழர் வீட்டில் யார் யார் படுத்தெழும்புகிறார்கள் என்று எழுதிக் கொடுத்துக்கொண்டுதானே கொழும்பில் சீவித்தோம். மறுநாள் அரைநாள் லீவு எடுத்தேன். அந்த அரைநாளில் ஒரு இடத்துக்குத்தான் போகலாம். வங்கியில் கடைசிக் கையெழுத்து வைத்தால் முதல் பாதிக் காசு அன்றே கிடைக்கும். வங்கிக்குப் போனேன். அடுத்த நாள் மேசன் கூரையைக் கழற்றினார். அன்றும் பொலிசுக்குப் போகவில்லை.

அதற்கடுத்த நாள் விடியப்புறம் வீடு வீடாகப் பொலிஸ் சோதனை வந்தது. எங்கள் பெயர்கள் அவர்கள் கையிலிருந்த பதிவுப் பட்டியலில் இருந்தன. முன்னறையில் படுத்திருந்த மேசனைக் காட்டி “மே கவுத?” என்று கேட்டான் ஒருவன். யாரென்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொல்லி, கூரையில்லாத கூடத்தையும் காட்டினேன். அண்ணாந்து வானத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அவரை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அன்று பின்னேரமே மழை. கட்டிலையும் அலுமாரியையும் முன்னறையில் அடுக்கிவிட்டு, குடை பிடித்துக்கொண்டு சமைத்தேன். பொலிசைத் திட்டினேன். பிளாட் கட்டியவனைத் திட்டினேன். வாளி வைக்க வந்த கணவரையும் விடவில்லை. ஆள் பிடிபட்ட வீடு என்று தெரிந்து வேறு மேசன்மார் வர மறுத்தார்கள். இன்னும் கொஞ்ச நாள் கேட்டு வங்கிக்குப் போனேன். “நாட்டு நிலைமைக்கு நாங்கள் பொறுப்பில்லை மிஸ்” என்று அதிகாரி ஃபைலை மூடினார். மாதம் முடிய நாலு நாள்தான் இருந்தது.

தினமும் பொலிஸ் நிலையத்து வாங்கில் போய்க் குந்தியிருந்தேன். வீட்டு உறுதிப் பத்திரத்தின் பிரதி, கடன் கடிதம், என் பாடசாலை அடையாள அட்டை எல்லாவற்றையும் காட்டினேன். மூன்றாம் நாள், நான் முதலிலேயே நிரப்பியிருக்க வேண்டிய அதே படிவத்தை நிரப்பச் சொல்லி அவரை விட்டார்கள்.

வெறுங்காலோடு வந்தார். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. நான் முதலில் கேட்டது இதுதான்:

“இண்டைக்கே மூடலாமோ? மாசம் முடியுது.”

“மூடிரலாம்மா. மூணு நாளு வேல கெட்டுப் போச்சு, மன்னிச்சிருங்க.”

அன்று இருட்டும்வரை மேலே நின்று, மறுநாள் மத்தியானத்துக்குள் மூடிவிட்டார். வங்கி ஆள் வந்து வெளிச்சத்தைப் பாராட்டினார். மீதிக் காசு வந்தது, பில்லும் குறைந்தது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் பொலிசையும் வங்கியையும் பற்றி மூச்சு வாங்கக் கத்துவேன், இப்போதும் கத்துகிறேன். பதியாமல் விட்டது நான்தான் என்று அந்த மனிதரிடம் மட்டும் நான் சொல்லவேயில்லை. கூலியை வாங்கி மடியில் செருகிக்கொண்டு, வேறு வேலை இருந்தால் சொல்லியனுப்புங்கம்மா என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.