சூராட்டுல ரெண்டு பேரு

அம்மாவ ஊருக்குக் கூட்டிட்டுப் போறப்பவே எனக்குத் தோட்டத்துக் கணக்கு எழுதுற கெராணி மேல நம்பிக்க இல்ல. ரப்பர் வெல உழுந்து, மலாயாவுல பாலோ பக்கம் தோட்டம் தோட்டமா ஆளுங்கள ஊருக்கு ஏத்திவிட்ட நேரம் அது. திரும்பி வரணும்னா தொர கையெழுத்துப் போட்ட சூராட்டு வேணும். அந்தக் கடுதாசி இல்லாட்டி நாகப்பட்டணத்துலயே கப்பல் ஏத்த மாட்டாங்க.

கெராணிதான் எழுதுனாரு. இங்கிலீசுல. "ரெண்டு பேரும் ஆறு மாசத்துல வந்துருங்க. ஆள்கணக்குச் செக்ரோல்ல பேர வெட்ட மாட்டேன்"னாரு. "இதுங்க இனிமே வராதுங்க"ன்னு எழுதியிருந்தாலும் எங்களுக்கு என்னா தெரியும்? அம்மாதான், "அந்தாளு மொகத்தப் பாத்தா பொய் சொல்ற மாதிரி இல்லடி"ன்னுச்சு. அம்மாவுக்கு எல்லாரும் நல்லவங்க.

மூணாம் மாசம் அம்மா காச்சல்ல போயிருச்சு. அது பொறந்த வீட்லயே. இப்ப அது மாமா வீடு.

காரியம் முடிஞ்சதுலேருந்து எனக்கு அங்க ஒரே உபசாரம். அத்த முட்ட அவிச்சு வச்சாங்க. அவங்க பொண்ணு எனக்குத் தல வாரிவிட்டா. எதுக்கு இதெல்லாம்? பொட்டியில இருந்த சூராட்ட எடுத்து இடுப்புல சொருகிக்கிட்டேன்.

ஒரு மத்தியானம் மாமா வாயத் தொறந்தாரு.

"தாயி, அந்தக் கடுதாசில எத்தன பேரு?"

"ரெண்டு மாமா."

"இப்ப நீ ஒருத்திதான. ஒரு பேரு சும்மாத்தான கெடக்குது? எங்க அக்கா பேர்ல என் பொண்ணு வரட்டுமே. உனக்கும் தொணையாச்சு."

"அம்மாவுக்கு நாப்பது வயசு மாமா. இவளுக்குப் பதினாறு."

"கடுதாசில வயசு போட்டிருக்கா?"

எனக்கு எங்க தெரியும்? "போட்டிருக்கு"ன்னேன்.

"மலாயாத் தண்ணி வாய நல்லா வளத்துவிட்டிருக்கு"ன்னு உள்ளேருந்து அத்த.

மாட்டுனா ரெண்டு பேரையும் எறக்கிருவாங்கன்னு பயம்தான். ஆனா கப்பல்ல யாராச்சும் அம்மா பேரச் சொல்லிக் கூப்பிட்டு, அந்தப் பொண்ணு "என்னாங்க"ன்னு திரும்புனா? அத நெனைக்கக்கூட முடியல. மறுநா காலையில யார்கிட்டயும் சொல்லாம கெளம்பிட்டேன்.

கப்பலாபீசுல ஒருத்தரு சூராட்டப் படிச்சாரு. "ரெண்டு பேரையும் வேலைக்கு எடுத்துக்குவோம்னுல்ல இருக்கு. இன்னொரு பொம்பள எங்க?"

"செத்துட்டாங்க."

மேலயும் கீழயும் பாத்தாரு. "பேர வேற யாருக்காச்சும் வித்துட்டியா?"

ரெண்டு நா உக்கார வச்சுட்டுத்தான் முத்திர குத்துனாரு. கெராணி சரியாத்தான் எழுதியிருக்காரு. ஆனா எழுதுனது வேற, செக்ரோலு வேற. அதனால தோட்டத்துக்கு வந்ததும் அவரப் போயிப் பாக்கல. பாத்தா ஏதாச்சும் சொல்லி அனுப்பிருவாரு. விடியக்காலையில ஆளுங்கள நிறுத்திப் பேரு கூப்பிடுற பெரட்டுல நேரா போயி பால் வாளியோட நின்னேன்.

கெராணி செக்ரோலப் பாத்துப் பேரு கூப்பிட்டுக்கிட்டே வந்தாரு. அம்மா பேரு வந்துச்சு.

என் முன்னாடி நின்ன பக்கத்து வீட்டு அக்கா, தெனமும் சொல்லிப் பழகுன வாயி, திரும்பிக்கூடப் பாக்காம, "ஊருக்கு!"ன்னாங்க.

அடுத்தது என் பேரு. அதுக்கும் "ஊரு..."ன்னு ஆரம்பிச்சாங்க.

"வந்துட்டேன் ஐயா."

கெராணி நிமிந்து பாத்தாரு. "அலமாக்!"னு தெகச்சாரு. "எப்ப வந்த? அம்மா எங்க?"

"ஊர்லயே இருந்துருச்சு ஐயா."

செக்ரோல்ல அம்மா பேரு மேல வெரல வச்சாரு. பெறகு காதுல சொருகியிருந்த பென்சில எடுத்தாரு. வெட்டறதப் பாக்க வேணாம்னு நான் மரத்தப் பாத்து நடந்தேன்.